மனநோயும் மளிகைக் கணக்கும்

மனநோயின் காரணத்தை எங்கே தேடுவது? மூளையிலா, மரபிலா, வளர்ப்பிலா, வாழும் சூழலிலா? நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் விவாதித்துவரும் கேள்வி இது. பெரும்பாலான மனநோய்களுக்கு இன்றளவும் இதற்கு ஒற்றை விடை இல்லை. மிகச் சில நோய்களில் மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாத விடை கிடைத்தது. அவற்றுள் ஒன்று பெலாக்ரா.

அவ்விடைக்கு வழி திறந்தவர் மனநல மருத்துவர் அல்லர். கொள்ளைநோய்களைத் தேடிச் சென்று ஆராய்ந்துவந்த ஓர் அரசு மருத்துவர் அவர். பெயர் ஜோசப் கோல்ட்பெர்கர். அவருக்குத் துணைநின்றவர் ஒரு பொருளாதார அறிஞர். பல்லாண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கூட்டணி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. மனித மனம் சிதைவதற்கான காரணத்தை ஆலைத் தொழிலாளியின் சம்பளத்திலும் மளிகைக் கணக்கிலும் தேடலாம் என்று துணிந்தவர்கள் அவர்கள்.

பெலாக்ரா மூன்று கட்டங்களாக மனிதனை வீழ்த்துவது. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, கருத்து, உரியும். அடுத்து வயிற்றுப்போக்கு. அதன் பிறகு உறக்கமின்மை, சோர்வு, அச்சம், நினைவுக் குழப்பம், பிதற்றல் என மனம் நிலைகுலையும். சிகிச்சை இல்லையேல் மரணம். 1735இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசல் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். முரட்டுத் தோல் எனப் பொருள்படும் பெலாக்ரா என்ற பெயர் இத்தாலியில் பிறந்தது. மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழை உழவர்களிடம்தான் இது பரவலாகக் காணப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களை இந்நோய் உலுக்கியது. 1906இல் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கான மனநலக் காப்பகம் ஒன்றில் 88 பேர் நோயுற்று, 57 பேர் மாண்டனர். அதன் பிறகு தெற்கின் காப்பகங்களில் எல்லாம் இந்நோய் கண்டறியப்பட்டது. மனம் பிறழ்ந்ததால் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவர்கள் அங்கே பெலாக்ராவுக்கு ஆளானார்கள். பெலாக்ராவால் மனம் பிறழ்ந்தவர்களும் அங்கேயே கொண்டுவரப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

கோல்ட்பெர்கர் 1874 ஜூலை 16 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கிரால்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று ஸ்லோவாகியாவில் இருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. புலம்பெயர்ந்தோர் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் தந்தை ஒரு மளிகைக் கடை வைத்தார். வீடு வீடாகச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ஜோசப்பின் வேலை. எந்த வீட்டுச் சமையலறைக்கு என்ன போகிறது, எந்த வீட்டுக்கு என்ன போவதில்லை என்பதை அறியும் வாய்ப்பு இளமையிலேயே அவருக்கு வாய்த்தது எனலாம்.

பொறியியல் படிக்கச் சேர்ந்தவர், நண்பர் ஒருவருடன் சென்று கேட்ட மருத்துவச் சொற்பொழிவினால் ஈர்க்கப்பட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1895இல் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பென்சில்வேனியாவில் ஒரு சிறு நகரில் சில ஆண்டுகள் தனியாக மருத்துவம் பார்த்தார்; அதில் மனம் ஒட்டவில்லை. 1899இல் பின்னாளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையாக வளர்ந்த அரசுத் துறையில் சேர்ந்தார். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் என்று எங்கே நோய் பரவினாலும் அங்கே அவர் அனுப்பப்பட்டார். இம்மூன்று நோய்களும் அவரையும் தாக்கின, மூன்றிலிருந்தும் பிழைத்தெழுந்தார். 1906இல் மேரி ஃபாரரை மணந்தார். தெற்கின் செல்வாக்கு மிக்க கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணும் ஏழை யூதக் குடிபெயர்ந்தோரின் மகனும் இணைந்த அம்மணம் அக்காலத்தில் எளிதாக ஏற்கப்படக்கூடியது அல்ல.

1914இல் பெலாக்ரா ஆய்வின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 39. நோயின் காரணம் குறித்து அன்று பல கருத்துகள் உலவின. கெட்டுப்போன மக்காச்சோளத்தின் நஞ்சே காரணம் என்று இத்தாலியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். தொற்றுநோயே என்று தென் கரோலினாவில் ஆய்வு நடத்திய ஒரு குழு முடிவு கூறியது. பரம்பரைக் குறைபாடு என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். கிருமியியல் வெற்றிமேல் வெற்றி பெற்றுவந்த காலம் அது. ஆகவே, தொற்று என்ற கருத்துக்கே செல்வாக்கு மிகுதி.

கோல்ட்பெர்கர் நுண்ணோக்கியிலிருந்து தொடங்கவில்லை. தென் மாநிலங்களின் மனநலக் காப்பகங்களையும் அநாதை இல்லங்களையும் சிறைகளையும் சுற்றிப் பார்த்தார். யாருக்கு நோய் வருகிறது என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, யாருக்கு வரவில்லை என்று அவர் எண்ணினார்.

ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் நகரிலிருந்த மனநலக் காப்பகத்தின் பதிவேடுகள் அவருக்கு ஒரு செய்தியைத் தெரிவித்தன. 1910இல் சேர்க்கப்பட்டு, ஓராண்டுக்குப் பின்னும் அங்கேயே தங்கியிருந்த நோயாளிகள் 418 பேர். அவர்களில் 32 பேருக்குக் காப்பகத்துக்குள் பெலாக்ரா வந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் பணியிலிருந்த ஊழியர்கள் 293 பேர். அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. செவிலியர்களும் பணியாளர்களும் அதே கட்டடத்தில், அதே காற்றில், நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் பணிசெய்தவர்கள். தொற்றுநோய் என்றால் அவர்களைத் தீண்டாமல் விட்டிருக்குமா? இரு பிரிவினருக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு உணவில் இருந்தது. ஊழியர்களால் நல்லதையும் பலவகையானதையும் தேர்ந்து உண்ண முடிந்தது. நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகர அநாதை இல்லங்களிலும் இதே போன்ற ஒரு புதிர். ஆறு வயது முதல் பன்னிரண்டு வரையிலான குழந்தைகளுக்கே பெரும்பாலும் நோய் வந்தது. அதனினும் சிறியவர்களும் பெரியவர்களும் பெரும்பாலும் தப்பினார்கள். விசாரித்தபோது விடை கிடைத்தது. சிறு குழந்தைகளுக்குப் பால் உண்டு. வேலை செய்யும் வயதினருக்கு இறைச்சி உண்டு. இடைப்பட்டவர்களுக்கு இரண்டும் இல்லை. கிருமி வயது பார்த்துத் தாக்குவதாகக் கொள்வதைவிட, தட்டில் விழுந்தது வயதுக்கு வயது வேறுபட்டது என்று கொள்வதே பொருத்தமாக இருந்தது.

இவ்வளவும் அவதானிப்பு. அவதானிப்பு ஐயத்தைத் தூண்டும். அதுவே நிரூபணம் ஆகிவிடாது. இதைக் கோல்ட்பெர்கர் நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய அடுத்தடுத்த ஆய்வுகள், முந்தைய ஆய்வு திறந்து விட்டுச்சென்ற வாயிலை ஒவ்வொன்றாக அடைத்தன. நோயாராய்ச்சி முறையியலை மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் அரிது.

முதலில் உணவை மாற்றிப் பார்த்தார். 1914இன் பிற்பகுதியில் ஜாக்சன் நகரின் இரண்டு அநாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, அவரை, பட்டாணி ஆகியவை சேர்க்கப்பட்டன. மக்காச்சோளம் குறைக்கப்பட்டது. கழிவறையோ, படுக்கையோ, குடிநீரோ எதுவும் மாற்றப்படவில்லை. அவ்வாண்டு நோயுற்றிருந்தவர்களில் ஓராண்டு முழுவதும் கண்காணிப்பில் இருந்த 172 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறுபடி நோய் வந்தது.

ஆனால், அந்த ஆண்டில் நோயே தானாகத் தணிந்திருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் மில்லெட்ஜ்வில் மனநலக் காப்பகத்தில் ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. வெள்ளையினப் பெண்கள் ஒரு கூடத்திலும் கறுப்பினப் பெண்கள் இன்னொரு கூடத்திலுமாகப் புதிய உணவு வழங்கப்பட்டது. 1915 அக்டோபர் வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 72 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. பழைய உணவையே உண்டுவந்த ஒப்பீட்டுக் குழுவின் 32 பேரில் 15 பேருக்குத் திரும்பியது. ஒரே காப்பகம், ஒரே ஆண்டு, ஒரே சுகாதார நிலை. மாறியது உணவு ஒன்றுதான். மனநலக் காப்பகம் ஒன்றில் ஒப்பீட்டுக் குழுவோடு நடத்தப்பட்ட தொடக்ககால ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது இது. சிறப்புணவுக்கான ஏற்பாடு நின்றதும் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது என்பது வேதனையான உறுதிப்பாடு.

நல்ல உணவு நோயைத் தடுக்கும் என்றால், மோசமான உணவு நோயைத் தர வேண்டும். இதைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் மிசிசிப்பியின் ரேங்கின் சிறைப் பண்ணை. 1915இல் பன்னிரண்டு கைதிகள், தண்டனையிலிருந்து விடுதலை என்ற ஆளுநரின் வாக்குறுதியை ஏற்று முன்வந்தார்கள். மக்காச்சோளக் கஞ்சி, மாவுப் பண்டங்கள், அரிசி, சர்க்கரைவள்ளி, சிறிதளவு முட்டைக்கோஸ், கரும்புப் பாகு என வயிறு நிறைய உணவு தரப்பட்டது. பாலும் இறைச்சியும் முட்டையும் பருப்பும் மட்டும் இல்லை. இறுதிவரை நீடித்த 11 பேரில் 6 பேருக்குச் சுமார் ஐந்து மாதங்களில் பெலாக்ராவின் அறிகுறிகள் தோன்றின. வயிறு நிறைந்திருந்தும் ஊட்டமின்மை வரலாம் என்பதும் அப்போதே புலப்பட்டது.

இந்தச் சோதனையை இன்றைய அறநெறி ஏற்காது, ஏற்கவும் கூடாது. சிறையில் இருப்பவனிடம் விடுதலையைக் காட்டிப் பெறும் இசைவு, சுதந்திரமான இசைவு ஆகாது. காப்பகத்துப் பெண்களிடமும் அநாதைக் குழந்தைகளிடமும் இன்றைய பொருளில் இசைவு கேட்கும் வழக்கமே அன்று இல்லை. அவர்களுக்கு நல்ல உணவு கிடைத்தது என்பது உண்மை. ஆயினும், ஒப்பீட்டுக் குழுவில் இருந்த 15 பேர் பட்ட துன்பமும் அந்த அறிவின் விலையில் சேர்ந்ததே. அறிவியலின் வெற்றிக் கதைகளைச் சொல்லும்போது இதை மறைத்துச் சொல்வது நேர்மையன்று.

கோல்ட்பெர்கர் தம் உடலையும் விலக்கி வைக்கவில்லை. தொற்று என்று வாதிட்டவர்கள் விடாப்பிடியாக இருந்ததால், 1916இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். நோயாளிகளின் ரத்தத்தை ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டார்கள். மூக்கு, தொண்டைச் சளியைத் தடவிக்கொண்டார்கள். உரிந்த தோலையும் கழிவுகளையும் மாவில் உருட்டி விழுங்கினார்கள். பங்கேற்ற 16 பேரில் ஒரே பெண் அவருடைய மனைவி மேரி. அவர் நோயாளியின் ரத்தத்தை ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை.

இத்துடன் ஒரு மருத்துவரின் கடமை முடிந்துவிட்டது என்றே பலரும் கருதியிருப்பார்கள். உணவுக் குறைவே காரணம். ஆகவே, பாலும் இறைச்சியும் உண்ணுங்கள் என்று அறிவுரை கூறிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். கோல்ட்பெர்கர் அடுத்த கேள்வியைக் கேட்டார். இவர்கள் ஏன் அவற்றை உண்பதில்லை?

இங்கேதான் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் வருகிறார். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் பேர்ல் பக்கின் அண்ணன் இவர். சீனாவில் பணியாற்றிய கிறிஸ்தவப் போதகரின் மகன். பொருளாதாரமும் புள்ளியியலும் அறிந்தவர். 1916இல் இவர்கள் இருவரும் தம் குழுவினருடன் தென் கரோலினாவின் ஏழு பருத்தி ஆலைக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள்.

அந்த ஆய்வின் நுணுக்கம் இன்றும் நம்மை வியக்க வைக்கிறது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் நோயின் அளவு தெரியாது என்பதால், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று நோயாளிகளைத் தேடினார்கள். உடலின் இருபுறமும் சமச்சீராகத் தோன்றும் தெளிவான தோல் தடிப்பு இருந்தால் மட்டுமே நோய் எனக் கணக்கிட்டார்கள். ஐயத்துக்குரியவற்றை ஒதுக்கிவிட்டார்கள். நோய் உச்சத்தைத் தொடும் கோடைக்கு முன்பாகவே, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரையிலான காலத்தில், ஒவ்வொரு குடும்பமும் பதினைந்து நாள்களில் எந்த உணவுப் பொருளை எவ்வளவு பெற்றது என்று பதிவு செய்தார்கள். வருமானத்தையும் திரட்டினார்கள். எட்டுப் பேர் உள்ள குடும்பத்தின் வருமானத்தையும் மூன்று பேர் உள்ள குடும்பத்தின் வருமானத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆகவே, குழந்தைகளையும் பெண்களையும் முதியவர்களையும் வயதுவந்த ஆணின் தேவையோடு ஒப்பிட்டு அலகுகளாக மாற்றி, ஓர் அலகுக்கான வருமானத்தைக் கணக்கிட்டார்கள். நம் நாட்டு நுகர்வு ஆய்வுகளை அறிந்தவர்களுக்கு இது பழகிய உத்தியே.

1920இல் வெளியான முடிவுகள் ஏணிப்படிகளைப் போல் இருந்தன. வருமானத்தின் அடிப்படியில் இருந்தவர்களில் ஆயிரத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தார்கள். வருமானம் ஒவ்வொரு படி உயர, நோய் ஒவ்வொரு படி இறங்கியது. உச்சிப்படியில் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பேர்தான். கழிவுநீர் வசதிக்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை.

வருமானம் மட்டுமே முழுக் கதையும் அல்ல என்பதையும் அவர்கள் கண்டார்கள். வருமானத்தில் பெரிதாக வேறுபடாத இரு கிராமங்களில் ஒன்றான இன்மன் மில்ஸில் நோய் மிகுதி. மற்றொன்றான நியூரியில் ஒருவருக்கும் இல்லை. நியூரியைச் சுற்றியிருந்த உழவர்கள் காய்கறி, பால், முட்டை முதலியவற்றைக் கிராமத்துக்குக் கொண்டுவந்து விற்றார்கள். புதிய இறைச்சியும் கிடைத்தது. இன்மன் மில்ஸைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பருத்தி. கையில் காசு இருந்தாலும் வாங்கச் சந்தையில் பொருள் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு பற்றிப் பின்னாளில் பொருளாதார அறிஞர்கள் எழுதிக் குவித்தவற்றின் விதை, இந்த இரு கிராமங்களின் ஒப்பீட்டில் இருக்கிறது.

இந்த ஆய்வுகளில் எதையும் தனியே எடுத்துக்கொண்டால் வாதம் முழுமை பெறாது. கிராம ஆய்வு மட்டும் இருந்தால், நோயுற்றதால் வருமானம் குறைந்ததா, வருமானம் குறைந்ததால் நோய் வந்ததா என்று கேட்கலாம். காப்பக ஆய்வும் சிறைச் சோதனையும் அக்கேள்விக்கு விடை கூறின. காப்பக ஆய்வு மட்டும் இருந்தால், நான்கு சுவர்களுக்கு வெளியே அது பொருந்துமா என்று கேட்கலாம். கிராம ஆய்வு அதற்கு விடை கூறியது. எஞ்சியிருந்த தொற்று வாதத்தை அவர்கள் தங்கள் உடல்களாலேயே மறுத்தார்கள்.

கிராமங்களில் கிடைத்த விடை அவர்களைப் பருத்தியின் பொருளாதாரத்துக்கு இட்டுச்சென்றது. தெற்கின் குத்தகை உழவன் வீட்டு வாசல் வரை பருத்தி பயிரிட வேண்டியிருந்தது; காய்கறிக்கும் கறவை மாட்டுக்கும் நிலம் இல்லை. விளைச்சலை அடகு வைத்து, நிலக்கிழாரின் கடையிலோ வணிகரிடமோ கடனாக வாங்கிய மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு ஆகியவையே ஆண்டின் பெரும்பகுதி உணவு. பருத்தி விலை வீழ்ந்தால் அதுவும் சுருங்கும். 1920இல் விலை சரிந்தபோது, வரவிருக்கும் பேரழிவைக் கோல்ட்பெர்கர் எச்சரித்தார். 1921இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் தெற்கின் துயர் துடைக்க உதவி கோரி வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். தெற்கின் அரசியல்வாதிகளும் வணிகர்களும் நாளேடுகளும் நன்றி கூறவில்லை, கொதித்தெழுந்தார்கள். தங்கள் மண்ணில் பட்டினி என்று சொல்வது தங்களை இழிவுபடுத்துவது என்றார்கள். முதலீடு வராது, பயணிகள் வரமாட்டார்கள் என்பது அவர்களின் கவலை.

நில உறவை மாற்றும் அதிகாரம் ஒரு மருத்துவருக்கு இல்லை. ஆகவே, ஏழையால் வாங்க முடிந்த மருந்தைத் தேடினார் கோல்ட்பெர்கர். தெற்கின் நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயும் பெலாக்ராவும் ஒன்றே எனக் கண்டு, நாய்களைக் கொண்டு உணவுப் பொருள்களைச் சோதித்தார். மதுபானத் தயாரிப்பில் பயன்படும் உலர்ந்த ஈஸ்ட் நோயைத் தடுப்பது தெரிந்தது. பால், இறைச்சியின் விலையில் அது ஒரு சிறு பங்கு. 1927இல் மிசிசிப்பி ஆறு பெருவெள்ளமாய்ப் பொங்கி லட்சக்கணக்கானோரை வீடற்றவர்களாக்கியபோது, அவரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் அப்பகுதியைப் பார்வையிட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக ஈஸ்ட் வழங்கப்பட்டது. அப்போதும் அவர்கள் தம் அறிக்கையில், வெள்ளம் வந்து சேர்ந்த துன்பம்தான், ஒற்றைப் பயிரும் குத்தகை முறையுமே வேர் என்று எடுத்துரைத்தார்கள்.

1929 ஜனவரி 17 அன்று, சிறுநீரகப் புற்றுநோயால் தம் 54ஆம் வயதில் கோல்ட்பெர்கர் மறைந்தார். அவருடைய விருப்பப்படி அஸ்தி பொட்டோமாக் ஆற்றில் கரைக்கப்பட்டது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிடைக்கவில்லை. பெலாக்ராவைத் தடுக்கும் பொருள் எதுவென்று அவர் கடைசிவரை அறியவில்லை. 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வெஜெம், அது நிகோடினிக் அமிலம் எனக் கண்டார். இன்று நாம் நியாசின் என்றும் வைட்டமின் பி3 என்றும் சொல்வது அதைத்தான். வேதியியலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்த பொருள் அது. விரைவில் மனநோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. பிதற்றிக்கொண்டிருந்தவர்கள் சில நாள்களில் தெளிந்து, தம்மைச் சுற்றி இருந்தவர்களை அடையாளம் கண்டார்கள்.

மக்காச்சோளத்தில் உள்ள நியாசினை உடலால் எளிதில் உறிஞ்ச இயலாது. அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைத்தால் உறிஞ்ச இயலும். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் சமைத்தார்கள். ஐரோப்பியர்கள் தானியத்தை மட்டும் எடுத்துச் சென்றார்கள். சமைக்கும் முறையை விட்டுவிட்டார்கள்.

1940களில் மாவிலும் ரொட்டியிலும் நியாசின் சேர்க்கப்பட்டது. பெலாக்ரா அமெரிக்காவிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. பருத்திக்காய் வண்டு தாக்கி, உழவர்கள் பருத்தியைக் குறைத்து உணவுப் பயிர்களுக்கு மாறிய பகுதிகளில் பெலாக்ரா மரணங்கள் அதற்கு முன்பே குறைந்தன என்று பொருளாதார வரலாற்றாய்வாளர்கள் அண்மைக்காலத்தில் காட்டியிருக்கிறார்கள். குத்தகை முறை பற்றிக் கோல்ட்பெர்கரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் சொன்னதை ஒரு பூச்சி மெய்ப்பித்தது.

நம் நாட்டுக்கும் இந்நோய் அந்நியம் அன்று. தக்காணத்தில் சோளத்தை முதன்மை உணவாக உண்ட ஏழை உழைப்பாளர்களிடம் பெலாக்ரா காணப்பட்டது. சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், ஹைதராபாதில் தம் சகாவான ஸ்ரீகாந்தியாவுடன் இதை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் அவர்கள் முன்வைத்த கருதுகோள் உலக அளவில் விவாதிக்கப்பட்டது.

எல்லா மனநோய்களும் உணவாலோ வறுமையாலோ வருபவை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மரபின் பங்கு பெரிது. செல்வந்தர் வீட்டிலும் மனச்சோர்வு நுழைகிறது. ஒரு நோய்க்குக் கிடைத்த விடையைப் பிற நோய்களின் மீது ஏற்றுவதைக் கோல்ட்பெர்கரே ஏற்கமாட்டார். நாம் கைக்கொள்ள வேண்டியது அவருடைய முறையை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிட்டது. வருமானம் குறைந்தோரிடம் பாதிப்பு கூடுதல் என்றும் கூறியது. ஆனால், ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு எது காரணம், எது விளைவு என்பதைச் சொல்லாது. அதற்கு எதையேனும் மாற்றிப் பார்த்து ஒப்பிட வேண்டும். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட பண உதவி தற்கொலைகளைக் குறைத்தது என்று பொருளாதார ஆய்வு ஒன்று நிறுவியிருப்பது அவ்வழியில் வந்ததே. நலத்திட்டங்களுக்குப் பெரும்பொருள் செலவிடும் நம் அரசுகள், அவை மக்களின் மனநலத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் முறையாக அளக்கலாம். கடன், வேலையிழப்பு, உணவு ஆகியவை குறித்த கேள்விகள் மருத்துவரின் படிவத்தில் இடம்பெறலாம். மருத்துவரும் பொருளாதார அறிஞரும் ஒரே வீட்டுக்கு ஒன்றாகச் செல்லலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

மில்லெட்ஜ்வில் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்களில் பலரின் மனத்தைச் சிதைத்தது, பாலும் பருப்பும் இல்லாத ஒரு தட்டு. அந்தத் தட்டைப் பல்லாண்டுகள் பலரும் பார்த்திருந்தார்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க, மளிகைக் கடைக்காரரின் மகன் ஒருவர் வர வேண்டியிருந்தது.